பத்து ரூபாய்க்கு ஒரு பக்கம்: பரிசு எப்போது வலுவூட்டல் ஆகிறது?

கேள்வி: 9 ஜூன் 2024

என் மகனுக்கு எட்டு வயது. தமிழில் ஒரு பக்கம் எழுதினால் பத்து ரூபாய் தருவதாகப் பேசிவைத்தேன். முதல் மாதம் நாள் தவறாமல் எழுதினான். இப்போது இருபது ரூபாய் கேட்கிறான். கொடுக்காவிட்டால் நோட்டைத் திறப்பதே இல்லை. உளவியலார் நேர்மறை வலுவூட்டல் என்று சொல்வது நாகரிகமான பெயர் சூட்டிய கையூட்டுதான் என்றும், எதிர்மறை வலுவூட்டலாகிய தண்டனைதான் பிள்ளைகளிடம் உண்மையில் வேலை செய்கிறது என்றும் எனக்குத் தோன்றுகிறது. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

9 ஜூன், இரவு

இரண்டு பிழைகள் இருக்கின்றன. எளிதானதை முதலில் முடித்துவிடுகிறேன். எதிர்மறை வலுவூட்டல் தண்டனை அன்று. வலுவூட்டல் என்ற சொல் எங்கே வந்தாலும், ஒரு நடத்தை முன்பைவிட அதிகமாக நிகழத் தொடங்கிவிட்டது என்பதுதான் பொருள். நேர்மறை, எதிர்மறை என்பவை நல்லது, கெட்டது என்ற பொருளில் வரவில்லை. கூட்டல் குறி, கழித்தல் குறி என்ற பொருளில் வந்தவை. நடத்தைக்குப் பின் ஏதோ ஒன்று வந்து சேர்ந்து, அதனால் நடத்தை பெருகினால் நேர்மறை. ஏற்கெனவே இருந்த தொல்லை ஒன்று விலகி, அதனால் நடத்தை பெருகினால் எதிர்மறை. காரில் பெல்ட்டை மாட்டும்வரை பீப் பீப் என்று கத்துகிறதே, அந்த ஓசையை நிறுத்துவதற்காகவே மாட்டுகிறோம் என்றால் அது எதிர்மறை வலுவூட்டல். தண்டனை நடத்தையைக் குறைப்பது. திசையே வேறு.

ஆசிரியப் பயிற்சியில் இதே கேள்விக்குத் தவறாக விடை எழுதி மதிப்பெண் இழந்தவள் நான். அதனால் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டேன்.

10 ஜூன்

இரண்டாவது பிழை ஆழமானது. பரிசும் வலுவூட்டலும் ஒன்றே என்று கேள்வி கேட்டவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். முப்பத்தொரு ஆண்டு தொடக்கப்பள்ளியில் பணியாற்றிய நானும் பெரும்பகுதி அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

எட்வர்டு தார்ண்டைக் என்ற அமெரிக்க உளவியலார் 1898-இல் பூனைகளை மரப்பெட்டிகளில் அடைத்து, உள்ளிருந்து ஒரு கயிற்றை இழுத்தாலோ தாழ்ப்பாளை அழுத்தினாலோ கதவு திறக்கும்படி அமைத்து, ஒவ்வொரு முறையும் வெளியே வர எத்தனை நொடி ஆயிற்று என்று குறித்தார். வெளியே மீன்துண்டு காத்திருக்கும். முதல் முறை பூனை பிறாண்டிக் கடித்துக் குதித்துத் தற்செயலாகத்தான் கயிற்றைத் தொட்டது. அடுத்தடுத்த முறைகளில் வீண் அசைவுகள் உதிர்ந்துபோய், நேரம் மெல்ல மெல்லக் குறைந்தது. நிறைவு தரும் விளைவு பின்தொடரும் செயல், அதே சூழலில் மீண்டும் எழ வாய்ப்பு மிகுதி என்ற விளைவு விதி இதிலிருந்து வந்தது.

பின்னர் வந்த அமெரிக்க உளவியலார் பி. எஃப். ஸ்கின்னர் இதில் ஒரு திருத்தம் செய்தார். நிறைவு, இன்பம், மகிழ்ச்சி ஆகியவற்றை வெளியிலிருந்து அளக்க முடியாது. கூண்டிலுள்ள எலி உணவுக்காக நெம்புகோலை ஒரு நிமிடத்தில் எத்தனை முறை அழுத்தியது என்பதை அளக்கலாம். ஆகவே அவரிடம் வலுவூட்டி என்பது கொடுப்பவரின் எண்ணத்தாலோ வாங்குபவரின் முகமலர்ச்சியாலோ முடிவாவதில்லை. பின்னர் அந்த நடத்தை பெருகியதா என்பது ஒன்றே அளவுகோல். நீங்கள் கொடுத்தது பத்து ரூபாய். அது எந்த நடத்தைக்கு வலுவூட்டியது? ஒரு மாதம் எழுதுவதற்கு. அதன்பின் ஒருமுறையேனும் நீங்கள் விலையை உயர்த்தியிருந்தால், பேரம் பேசுவதற்கு. உயர்த்தினீர்களா என்று சொல்லவில்லையே?

11 ஜூன்

கேட்டவர் பதில் எழுதியிருக்கிறார்: ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்தினர் முன்னிலையில் அழுதான் என்று பதினைந்து கொடுத்தாராம். நன்று. அழுவதற்கும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்.

11 ஜூன், மாலை

என் முதல் குறிப்பின் கண்டிப்பைச் சற்றுத் தளர்த்த வேண்டும். 1938-இல் வெளியான தம் முதல் பெரிய நூலில் ஸ்கின்னரே, இன்று தண்டனை என்று நாம் சொல்வதைத்தான் எதிர்மறை வலுவூட்டல் என்று குறிப்பிட்டார். 1953-இல் வந்த நூலில்தான் இப்போதைய பொருளுக்கு மாறினார். எனவே கேள்வி கேட்டவரின் பிழை, அந்தச் சொல்லைப் பரப்பியவரே ஒருகாலத்தில் செய்த பிழை. தமிழில் நேர்மறை என்ற சொல்லுக்கு நல்லது என்ற வாடை ஏறிவிட்டதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. சேர்ப்பு வலுவூட்டல், நீக்கு வலுவூட்டல் என்று வைத்திருந்தால் நானும் அன்று அந்த மதிப்பெண்ணை இழந்திருக்க மாட்டேன்.

14 ஜூன்

பணி ஓய்வுக்குப் பின் மாலையில் எங்கள் தெருப் பிள்ளைகள் பதினொரு பேர் என் வீட்டுத் திண்ணைக்குப் படிக்க வருகிறார்கள். சென்ற ஆண்டு ஆகஸ்டில் ஒரு நட்சத்திர ரப்பர் முத்திரையும் சிவப்பு மைப்பெட்டியும் வாங்கினேன். கையெழுத்துப் பயிற்சி ஒரு பக்கம் முடித்தால் ஒரு நட்சத்திரம். பத்து நட்சத்திரம் சேர்ந்தால் ஒரு பென்சில். இரண்டே வாரத்தில் எழுதும் பக்கங்கள் ஏறத்தாழ இரு மடங்காயின. ஆகவே முறையாகக் கொடுத்தால் பரிசு வேலை செய்யும். உங்கள் வீட்டில் முறை தவறியிருக்கிறது என்பதே என் முடிவு.

15 ஜூன்

பத்து ரூபாய் முதலில் இனித்தது, இப்போது ஏன் கசக்கிறது என்று வேறொருவர் கேட்டிருக்கிறார். டிங்கிள்பா என்ற ஆய்வாளர் 1928-இல் வெளியிட்ட ஒரு குரங்குச் சோதனை நினைவுக்கு வருகிறது. குரங்கு பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிண்ணத்தின் அடியில் வாழைப்பழத்தை மறைத்து, பிறகு அதற்குத் தெரியாமல் லெட்டூஸ் கீரையாக மாற்றிவைத்தார். குரங்கு ஓடிவந்து கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்து, கீரையைத் தொடாமல் சுற்றுமுற்றும் தேடி, சில வேளைகளில் அங்கிருந்தவர்களைப் பார்த்துக் கத்தவும் செய்தது. தொடக்கத்திலிருந்தே கீரையைத்தான் வைப்பதாகக் காட்டியிருந்தால் அதே குரங்கு அதைத் தின்றிருக்கும். பத்து ரூபாய், பதினைந்து வாங்கியவனுக்குக் கீரை.

இதையொட்டிய செய்தி ஒன்று மூளை ஆய்விலும் உண்டு. வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர் குரங்கு மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவுசெய்தபோது, எதிர்பாராத பழச்சாறு வந்தால் அவை துடித்தெழுந்தன. முன்கூட்டி ஓர் அடையாளத்தால் எதிர்பார்த்துக்கொண்டிருந்த சாறு வந்தபோது அசையவில்லை. எதிர்பார்த்தது வராதபோது வழக்கமான துடிப்பும் அடங்கியது. சாற்றைக் காட்டிலும், சாற்றுக்கும் எதிர்பார்ப்புக்கும் இடையே உள்ள வேறுபாட்டையே அவை அறிவித்தன. மாதக் கடைசியில் வரும் சம்பளம் யாரையும் குதிக்கவைப்பதில்லை. ஒருநாள் தாமதமாகட்டும், தெரியும்.

19 ஜூன்

திட்டினால் அடங்குகிறான், ஆகவே தண்டனைதான் வேலை செய்கிறது என்று கேட்டவர் மீண்டும் எழுதியிருக்கிறார். என் திண்ணையில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு மணி நேரத்தில் ஆறேழு முறை எழுந்து பானைத் தண்ணீர் குடிக்கப் போவான். ஒவ்வொரு முறையும் நான், “டேய், உட்காருடா” என்பேன். உடனே உட்கார்ந்துவிடுவான். என் அதட்டல் பலித்தது என்றுதான் பல வாரம் எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் எண்ணத் தொடங்கினேன். நான் அதிகமாக அதட்டிய வாரங்களில் அவன் அதிகமாக எழுந்திருக்கிறான். பதினொரு பிள்ளைகளில் அமைதியாக எழுதும் பத்துப் பேரை நான் ஏறிட்டும் பார்ப்பதில்லை. எழுந்தவன் பெயரை மட்டும் உரக்கச் சொல்கிறேன். அவனுக்கு நான் வழங்கிக்கொண்டிருந்தது தண்டனை என்ற பெயரில் ஒரு வலுவூட்டி. அதே நேரம் அவன் உட்கார்ந்ததால் எனக்குத் தொல்லை நீங்கியது. அதட்டும் என் பழக்கம் எதிர்மறை வலுவூட்டலால் தழைத்தது. இருவரும் ஒருவரையொருவர் நன்றாகப் பழக்கியிருக்கிறோம்.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் ஒரு குழு செய்து 1964-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மிக அருகில் வருகிறது. நான்கு வயதுப் பெண் குழந்தை ஒருத்தி மற்றக் குழந்தைகளோடு சேராமல் ஒதுங்கியே நிற்பாள். அவள்மீது இரக்கப்பட்டு ஆசிரியைகள் அவள் தனித்து நிற்கும்போதெல்லாம் அருகில் போய்ப் பேசுவார்கள். எண்ணிப் பார்த்தால், காலைப் பொழுதில் சுமார் 10 விழுக்காடு நேரமே பிற குழந்தைகளோடு இருந்தாள். பின்னர் ஆசிரியைகள் முறையை மாற்றி, அவள் குழந்தைகளோடு விளையாடும்போது மட்டும் அந்தக் கூட்டத்தைக் கவனித்தார்கள். தனித்து நிற்கும்போதும் ஆசிரியையிடமே ஒட்டும்போதும் கவனிக்கவில்லை. சில நாள்களிலேயே அவள் விளையாடும் நேரம் 60 விழுக்காடு அளவுக்கு ஏறியது. வேண்டுமென்றே பழைய முறைக்குத் திரும்பியபோது அவளும் மீண்டும் ஒதுங்கினாள். புதிய முறைக்கு வந்தபோது மீண்டும் சேர்ந்தாள். அந்தத் திரும்புதல்தான் சோதனையின் உயிர். நம்மில் எவரும் நல்லபடி நடந்துகொண்டிருக்கும் ஒன்றை நிறுத்திப் பார்ப்பதில்லை.

20 ஜூன்

தண்ணீர் குடிக்கும் பையனை என்ன செய்தேன் என்று கேட்கிறார்கள். எழுந்தால் பேசாமல் இருந்தேன். எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் நின்றேன். முதல் மூன்று நாள் ஒன்பது, பதினொன்று, பதினொன்று என்று ஏறியது. பிறகு இறங்கியது. பலன் நின்றவுடன் நடத்தை உடனே அடங்காது. முதலில் சற்றுப் பொங்கும். பொங்கும்போது விட்டுக்கொடுத்தால் முன்னைவிட மோசம்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு காகம். தினமும் சோறு வைக்கும் வழக்கத்தால் பழகி, பிற்பகலிலும் வந்து சன்னல் கம்பியைக் கொத்தும். காராபூந்தி வைப்பேன். மருத்துவர் எனக்குப் பகலுறக்கம் சொன்ன பிறகு, பிற்பகலில் வைப்பதில்லை என்று முடிவு செய்தேன். மூன்று நாள் தாங்கினேன். நான்காம் நாள் கம்பியை விட்டுக் கண்ணாடியைக் கொத்தியது. எழுந்துபோய் வைத்துவிட்டேன். அன்று முதல் நேராகக் கண்ணாடிதான்.

22 ஜூன்

ஒவ்வொரு முறையும் கொடுத்தால்தானே வலுவாகப் பதியும் என்றொரு கேள்வி. தொடக்கத்தில் ஆம். பதிந்த பிறகு நிலைமை மாறுகிறது. அது தெரியவந்த விதம் வேடிக்கையானது. ஸ்கின்னர் 1956-இல் எழுதிய கட்டுரையில் சொல்கிறார்: ஒரு சனிக்கிழமை பிற்பகலில் எலிகளுக்கான உணவு வில்லைகளின் இருப்பைப் பார்த்தபோது, அன்று மாலைவரை உட்கார்ந்து வில்லை உருட்டாவிட்டால் திங்கள் காலை பத்தரை மணிக்கெல்லாம் தீர்ந்துபோகும் நிலை. அழுத்தும் ஒவ்வொரு முறைக்கும் ஏன் கொடுக்க வேண்டும் என்று தம்மையே கேட்டுக்கொண்டு, நிமிடத்துக்கு ஒன்று என்று குறைத்தார். எலி அழுத்துவதை நிறுத்தவில்லை. சீராக அழுத்திக்கொண்டே இருந்தது. இந்த வழியே போய், சார்ல்ஸ் ஃபெர்ஸ்டரும் அவரும் 1957-இல் வலுவூட்டல் அட்டவணைகளை, அதாவது எப்போது, எத்தனை முறைக்கு ஒருமுறை கொடுப்பது என்ற ஒழுங்குகளைப் பற்றி ஒரு பெருநூல் எழுதினார்கள்.

எத்தனையாவது அழுத்தலுக்கு வரும் என்று ஊகிக்க இயலாதபடி கொடுத்தால் நடத்தை மிக வேகமாகவும், கொடுப்பதை நிறுத்திய பின்னும் நெடுநேரமும் தொடரும். என் தந்தை வாரந்தோறும் லாட்டரிச் சீட்டு வாங்குவார். ஒரே ஒருமுறை நூறு ரூபாய் விழுந்தது. 2003-இல் தமிழ்நாட்டில் விற்பனை தடைசெய்யப்பட்ட பிறகும் அந்தப் பெட்டிக்கடைப் பக்கமாகவே சுற்றி வீட்டுக்கு வருவார்.

27 ஜூன்

நான் தயங்கித் தள்ளிவைத்த பகுதி இது. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்டு நிஸ்பெட் ஆகிய மூவர் 1973-இல் வெளியிட்ட ஆய்வு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்து மழலையர் பள்ளியில் நடந்தது. வண்ணப் பேனாக்களால் படம் வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள மூன்று முதல் ஐந்து வயதுவரையிலான குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பகுதியினரிடம், வரைந்தால் பொன்முத்திரையும் நாடாவும் உள்ள சான்றிதழ் கிடைக்கும் என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு பகுதியினருக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாம் பகுதியினருக்கு ஒன்றுமில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, யாரும் சொல்லாமலே பேனாக்களை எடுத்து வரைவதில் எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று பார்த்தபோது, முன்பே பரிசு பேசப்பட்டவர்கள் தங்கள் நேரத்தில் சுமார் 8.6 விழுக்காடும், எதிர்பாராமல் பெற்றவர்கள் சுமார் 18 விழுக்காடும், பெறாதவர்கள் சுமார் 16.7 விழுக்காடும் செலவிட்டார்கள். சான்றிதழுக்காக வரைந்தவர்களின் படங்கள் தரத்தில் குறைவு என்பதும் பதிவாகியிருக்கிறது.

உங்கள் மகன் பத்து ரூபாய்க்கு முன் தானாக ஏதேனும் எழுதிக்கொண்டிருந்தானா என்பது இப்போது முக்கியமாகிறது.

30 ஜூன், ஞாயிறு

14 ஜூன் குறிப்பைப் படித்தவர்கள் இதையும் படிக்கவும். அன்று நினைவிலிருந்து எழுதினேன். இன்று பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். கையெழுத்துப் பக்கங்கள் பெருகியது உண்மைதான். ஆனால் திண்ணையில் ஒரு தகரப் பெட்டி நிறையக் கதைப் புத்தகங்கள் உண்டு; எடுத்தவர்கள் பெயரை எழுதிவைக்க வேண்டும். முத்திரைக்கு முந்தைய வாரம் பதினான்கு பெயர்கள். முத்திரை வந்த மூன்றாவது வாரம் ஆறு. நட்சத்திரம் இல்லாத வேலையைப் பிள்ளைகள் கைவிட்டிருக்கிறார்கள். அதை நான் பார்க்கவே இல்லை, பார்த்துக்கொண்டிருந்தது பக்கங்களைத்தானே. பக்கங்களிலும் எழுத்து பெரிதாகியிருக்கிறது. ஒரு வரிக்கு நான்கு சொற்கள் எழுதிய சிறுமி இரண்டே சொற்களில் வரியை முடித்திருக்கிறாள். நான் நட்சத்திரம் வைத்தது பக்கத்துக்கு, பக்கம் கிடைத்தது.

1 ஜூலை

நேற்று என்மேலேயே பழி போட்டுக்கொண்டதிலும் அவசரம் இருக்கிறது. அந்த மூன்றாவது வாரம் காலாண்டுத் தேர்வு நெருங்கிய காலம். கதைப் புத்தகம் குறைந்ததற்கு முத்திரை காரணமா, தேர்வு காரணமா என்று அந்தப் பதிவேட்டை வைத்துச் சொல்ல முடியாது.

இந்த இடத்தில் ஸ்கின்னரின் புறாக்களை நினைத்துக்கொண்டேன். 1948 கட்டுரையில், எட்டுப் புறாக்களுக்கு அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் சீரான இடைவெளியில் உணவு வரும்படி அமைத்தார். ஆறு புறாக்களிடம் தனித்தனிச் சடங்குகள் தோன்றின: ஒன்று கூண்டுக்குள் இடமாகச் சுற்றியது, ஒன்று மேல்மூலையில் தலையை முட்டியது. உணவு வந்த கணத்தில் தற்செயலாகச் செய்துகொண்டிருந்தது பதிந்துவிட்டது என்பது அவர் விளக்கம். 1971-இல் ஸ்டேடனும் சிம்மல்ஹாகும் மீண்டும் செய்து பார்த்து, உணவு நேரம் நெருங்க நெருங்க எல்லாப் புறாக்களும் ஏறத்தாழ ஒரே மாதிரி உணவுசார்ந்த அசைவுகளையே செய்கின்றன, தற்செயல் விளக்கம் போதாது என்று காட்டினார்கள். புறாவின் நிலை எப்படியோ, தேர்வுக் காலத்தில் முத்திரை குத்திவிட்டு முத்திரையால் என்று சொன்ன ஆசிரியை கூண்டுக்குள் சுற்றியவள்தான்.

3 ஜூலை

லெப்பர் ஆய்வைக் காட்டிப் பரிசே கூடாது என்று சிலர் முடித்துவிட்டார்கள். அவ்வளவு எளிதன்று. 1994-இல் கேமரனும் பியர்ஸும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பரிசு பொதுவாக உள்ளார்வத்தை, அதாவது ஒரு வேலையில் தானாக எழும் விருப்பத்தைக் கெடுப்பதில்லை, முன்பே அறிவித்து வெறுமனே செய்ததற்காகக் கொடுக்கும் பொருட்பரிசே கெடுக்கிறது என்றார்கள். 1999-இல் டெசி, கோஸ்ட்னர், ரையன் ஆகியோர் 128 சோதனைகளைத் தொகுத்து, எதிர்பார்த்துப் பெறும் பொருட்பரிசு கெடுக்கத்தான் செய்கிறது என்று எதிர்த்தார்கள். இரு தரப்பும் ஒத்துப்போகும் இடம் எனக்குப் போதும்: எதிர்பாராத பரிசு தீங்கு செய்வதில்லை, ஆர்வமே இல்லாத வேலையில் கெடுப்பதற்கு ஆர்வம் இல்லை. வாய்ப்பாடு மனனம் செய்யும் பிள்ளைக்குக் கடலைமிட்டாய் கொடுக்க நான் இன்னும் தயங்குவதில்லை.

8 ஜூலை

பாராட்டுக்குச் செலவே இல்லையே என்று கேட்டவருக்கு: செலவு உண்டு. ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை இரண்டு ஆண்டுகளாகப் புத்திசாலி என்று அழைத்துவந்தேன். கடினமான பின்னக் கணக்கைக் கொடுத்தால் தலைவலி என்பாள். கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், நீ கெட்டிக்காரி என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் பின்னர்த் தோல்வி வந்தபோது விரைவில் சோர்ந்தார்கள். நன்றாக உழைத்தாய் என்று பாராட்டப்பட்டவர்கள் மேலும் முயன்றார்கள். நான் வலுவூட்டியது கணக்குப் போடுவதையா, தவறில்லாத கணக்கை மட்டும் காட்டுவதையா? அவள் நோட்டில் அழித்த தடமே இல்லை. தவறிய தாள்களைக் கிழித்துவிடுகிறாள் என்று அவள் தாய் சொல்லித்தான் தெரிந்தது.

15 ஜூலை

கேட்டவர் மூன்று வாரம் கழித்து எழுதியிருக்கிறார். பணத்தை நிறுத்தியதும் பொங்கினானாம், விட்டுக்கொடுக்கவில்லையாம். நோட்டு இன்னும் மூடியே கிடக்கிறது. ஆனால் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில், தெருப் பையன்கள் ஆடும் கிரிக்கெட்டில் யார் எத்தனை ஓட்டம், யார் எப்படி ஆட்டமிழந்தார், யார் ஏமாற்றினார் என்று தமிழில் எழுதிவைத்திருப்பதை அவர் மனைவி கண்டெடுத்திருக்கிறார். எழுத்துப்பிழைகள் நிறைய. இதற்குப் பத்து ரூபாய் கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம். பிழைகளையும் இப்போது திருத்த வேண்டாம். போன சனிக்கிழமை யார் ஏமாற்றினார் என்று அவனிடம் கேளுங்கள், காலண்டர் தாள் தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வாரத்துக்கு எத்தனை தாள் என்று அவனுக்குத் தெரியாமல் எண்ணிவந்து ஆகஸ்டில் இங்கே எழுதுங்கள்.